எந்தக் கைடைப் பார்த்து எழுதினாய்?

நம் ஓய்வூதியக்காரர்களின் கைபேசிக் குழுவில் போன வாரம் நம்மில் ஒருத்தி கேட்டிருந்தாள். "பழைய நினைவுகளை எழுதலாம்னு இருக்கேன். நல்லா எழுத வர்றதுக்கு எந்தப் புத்தகம் படிக்கலாம்?" உடனே ஆளுக்கொன்று சொன்னீர்கள். கடையில் கிடைப்பது, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்வது, வீடியோவில் ஒருவர் கரும்பலகை வைத்துச் சொல்லித்தருவது என்று சாயங்காலத்துக்குள் ஒரு நூலகமே திறந்துவிட்டது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "எல்லாத்தையும் படிச்சிட்டு ஏன் கம்முன்னு இருக்கறே?" என்று ஒருத்தி தனியாகப் போன் போட்டே கேட்டுவிட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம் என்பது உங்கள் கட்சி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து போர்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், டிரங்க் கால் கேட்கிறவர் 'உசிர் போற அவசரம்' என்றால் யார் உசிர் என்று கேட்காமல் நான் லைன் கொடுத்ததில்லை. கடைக்காரன் ஒரு காய் கொசுறு போட்டால் அது சொத்தையா என்று புரட்டிப் பார்க்கிறவள்தான் நான். யாராவது என்னைப் பாராட்டினால் அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்று காத்திருப்பேன். ஆனால் இது பிறவிக் குணம் இல்லை. இது எனக்கு ஒட்டிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. எழுபதுகளின் கடைசியில், சேர்வராயன் மலையில் காபிப் பழம் எடுக்கும் பருவம் அது.

வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. அம்மா பழம் எடுக்கப் போவாள். அப்பாவுக்குக் களத்தில் வேலை. சதை நீக்கிக் கழுவிய காபியைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, நீளக் கம்பு வைத்த பலகையால் நாளெல்லாம் கிண்டிவிட வேண்டும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் எதை மோந்தாலும் புளித்த பழத்தோல் வாடைதான். சோற்றில், போர்வையில், அப்பாவின் கம்பளியில், என் ஜடையில்கூட. கிறிஸ்துமஸுக்குத் தைத்த புதுப் பாவாடையும் இரண்டே நாளில் அந்த வாடைக்கு வந்துவிடும். காலையில் மஞ்சு இறங்கினால் கோயில் மணி கேட்கும், கோயில் தெரியாது. மாரமங்கலத்துக்காரர்கள் தலைச்சுமையாக ஆரஞ்சு கொண்டுபோவார்கள். தோல் தளர்ந்து, உள்ளே சுளை தனியாக ஆடும் ஆரஞ்சு. இப்போது அந்தப் பழம் எங்கே போயிற்று என்று கேட்டால் எல்லாரும் வேறு யாரையோ கை காட்டுகிறார்கள்.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அது தெரியாவிட்டால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியாது. பழம் எடுக்கிறவர்கள் சிவந்த பழத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும். சாயங்காலம் நிறுவைக்குச் சாக்கைக் கொட்டும்போது பச்சைக் காய் கிடந்தால் கணக்கெழுதும் ரைட்டர் கூப்பிடுவார். அந்தக் காயை நீ பறித்தாயா, பக்கத்துச் சாக்கிலிருந்து உருண்டு வந்ததா என்பதெல்லாம் பேச்சே இல்லை. "தப்புதானுங்க" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் ரைட்டர் இரண்டு வார்த்தை திட்டுவார், துரை அந்தப் பக்கம் இருந்தால் அவரும் ஒரு வார்த்தை திட்டுவார், அதோடு போயிற்று. மறுநாள் வேலை உண்டு. நியாயம் பேசினால்தான் ஆபத்து.

அம்மாவின் சாக்கில் ஒருநாள் ஒரு படிக்குமேல் பச்சைக் காய். பக்கத்து வரிசைப் பெண் கொட்டியது என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா, "தப்புதானுங்க" என்றாள். அதே வாரம் இன்னொருத்தி, "நான் பறிக்கலைங்க, வேணும்னா விசாரிச்சுப் பாருங்க" என்று தலை நிமிர்த்திச் சொன்னாள். விசாரித்தார்கள். விசாரித்து முடிப்பதற்குள் அவள் சட்டிபானையோடு குப்பனூர்ப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பின்னால் ஒரு ஆடு போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்பா களத்தில் நின்றபடி பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார், "விசாரணைன்னு வந்துட்டா வேலை போச்சுன்னு அர்த்தம் கண்ணு. தப்புன்னு சொன்னவன் பொழச்சான்." அவருக்கு அது வேதவாக்கு.

நான் படித்தது கன்னியர் நடத்திய மிஷன் பள்ளி. நடந்து போகிற தூரம்தான். அங்கே எங்கள் தமிழ் டீச்சர் சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மலையேறி வருவார். கொண்டை ஊசி வளைவுகளுக்காக வாயில் எப்போதும் ஒரு நார்த்தங்காய்த் துண்டை அடக்கியிருப்பார். கெட்டவர் இல்லை. ஆனால் கட்டுரை என்பது ஏதாவது ஒரு கைடில் இருப்பது என்பது அவருடைய தீர்மானம். அவர் அலமாரியில் கட்டுரைக் கைடுகள் அடுக்கியிருக்கும். சேலம் கடைகளில் புதிதாக எது வந்தாலும் வாங்கிவிடுவார். நாங்கள் எழுதிக் கொடுத்தால் நாலு வரி படித்ததும், "இது பச்சை அட்டை. இது பழைய பதிப்பு. இவ ரெண்டையும் கலந்திருக்கா" என்று சொல்லிவிடுவார். அதற்காக மார்க்கைக் குறைக்கமாட்டார். சுத்தமாகப் பார்த்து எழுதியவளுக்குக் கூடவே போடுவார்.

ஊருக்குள் ஒரு பெரிய போர்டிங் பள்ளி இருந்தது. வெளியூர்ப் பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற இடம். வருஷத்துக்கு ஒரு சீட் எங்கள் பள்ளிப் பெண்ணுக்கு இலவசமாகத் தருவார்கள். சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எங்கள் பள்ளி எட்டாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் அந்தச் சீட் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மடிச்சாக்கு கட்டிக்கொண்டு அம்மா பின்னால் போக வேண்டும். நடுவில் வேறு வழி கிடையாது. நான் அப்போது எட்டாவதில் இருந்தேன்.

சீட்டுக்குப் பெண்ணைத் தேர்ந்தெடுக்க ஒரு கட்டுரை வைத்தார்கள். 'எனக்குப் பிடித்த இடம்' என்று தலைப்பு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டில் எழுதிக்கொண்டு வரவேண்டும். சொந்தமாக எழுத வேண்டும் என்று தலைமைச் சிஸ்டர் எங்கள் வகுப்புக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முந்தின வருஷம் எங்கள் பள்ளி அனுப்பிய பெண்ணின் கட்டுரை அப்படியே ஒரு கைடில் இருந்ததாம். போர்டிங் பள்ளியில் அதைக் கண்டுபிடித்து, எங்கள் சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லி, பெண்ணையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தமிழ் டீச்சருக்கு அதில் பெரிய தலைகுனிவு. அலமாரி நிறைய வைத்திருந்தும் அந்த ஒரு கைடு அவரிடம் இல்லாமல் போய்விட்டது.

எங்கள் வகுப்பில் எல்லாரும் ஏரியைப் பற்றி எழுதினார்கள். ஏரியில் படகு விட்டதில்லை, தூரத்தில் நின்று பார்த்ததுதான், ஆனாலும் ஏரி. என்னிடம் கைடு இல்லை. வாங்கவும் வழியில்லை. அடுப்படியில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு, குப்புறப் படுத்து, காபிக் களத்தைப் பற்றி எழுதினேன். ஈரக் காபியைப் பலகையால் இழுத்தால் சத்தம் வராது, காயக் காயத்தான் பேச ஆரம்பிக்கும் என்று எழுதினேன். களத்தின் ஓரத்தில் நாய் படுத்தால் வெயில் நிலைக்கும், எழுந்து போனால் தார்ப்பாய் தேட வேண்டும் என்று எழுதினேன். வானம் கறுத்துவிட்டால் காபியைக் கூட்டிக் குவிக்க எல்லாரும் ஓடி வருவார்கள் இல்லையா, காலையில் அடித்துக்கொண்டவர்கள்கூட ஒரே தார்ப்பாயின் இரண்டு முனையைப் பிடிப்பார்கள். அதற்கு ஒரு வரி போட்டேன். 'மழைக்கு முன்னால் எங்கள் களத்தில் யாரும் யாரோடும் சண்டை போட மாட்டார்கள்.'

அந்த வரியை எழுதிவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். ஏனோ சந்தோஷமாக இருந்தது. அம்மா ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தவள், "என்ன கண்ணு, தானாச் சிரிக்கறே?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

விடுமுறை முடிந்து ஒரு வாரத்தில் தலைமைச் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உயரமாக, சத்தம் போடாமல் நடக்கிறவர். என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "களத்துல நாய் இருக்குதா, இன்னும்?" என்று கேட்டார். இருக்குதுங்க சிஸ்டர் என்றேன். அவர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் நின்ற தமிழ் டீச்சர் சிரிக்கவில்லை. நார்த்தங்காயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"எந்தக் கைடைப் பார்த்து எழுதினே?"

"கைடு இல்லீங்க டீச்சர்."

"முன்னுரை இல்ல, முடிவுரை இல்ல, ஒரு பழமொழி இல்ல. நான் சொல்லிக் குடுத்த மாதிரி ஒண்ணுமே இல்ல. அப்ப வேற யாரோ சொல்லிக் குடுத்திருக்கோணும். என் அலமாரி முழுக்கப் பார்த்துட்டேன். புதுசா ஏதோ வந்திருக்குது. உங்கிட்ட எப்படி வந்துச்சு?"

"நானாத்தான் எழுதினனுங்க."

அவர் அந்த வரியில் விரலை வைத்தார். "மழைக்கு முன்னால சண்டை போட மாட்டாங்களாம். இந்த வரிய லைன் ஊட்டுப் புள்ள எழுதாது சிஸ்டர். இது படிச்ச ஆம்பளை எழுதினது. போன வருஷம் பட்டது போதும்."

என் வாழ்நாளில் என் எழுத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான் என்று இப்போது வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்குக் காது அடைத்துப்போய்விட்டது.

செய்தி பள்ளிக்கூடம் முழுக்கப் பரவ மத்தியானச் சாப்பாட்டு மணி போதுமானதாக இருந்தது. நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் என் பையை யாரோ கவிழ்த்துப் பார்த்திருந்தார்கள். பென்சில் டப்பாவும் ஜெபமாலையும்தான் வெளியே கிடந்தன. பக்கத்தில் உட்காருகிறவள், எனக்கு உயிர் சிநேகிதி என்று நான் நினைத்தவள், பாவாடை மடிப்பிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து என் கையில் வைத்தாள். "முழுசா நீயே தின்னுக்கோ. எங்கிட்ட மட்டும் சொல்லு. எந்தக் கைடு? யாருக்கும் சொல்லமாட்டேன், மாதா சத்தியமா." நான் இல்லையென்றதும் ஆரஞ்சைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். கவனித்தீர்களா, கைடு உண்டா இல்லையா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எந்தக் கைடு என்றுதான் எல்லாருக்கும் கேள்வி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிஸ்டர் மறுபடியும் என்னை நிறுத்தினார். டீச்சர் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார். "திங்கட்கிழமை காலைல என் ரூமுக்கு வா. நான் ஒரு தலைப்புத் தர்றேன். என் முன்னால உக்காந்து எழுது. யாரும் உன்னை ஒண்ணும் கேக்கமாட்டாங்க. எழுது, அவ்வளவுதான். அப்பாவையும் கூட்டிட்டு வா. எழுதி முடிச்சதும் அவர்கிட்ட பேசணும்" என்றார். நான் வீட்டுக்கு ஓடினேன். வழியில் சில்வர் ஓக் மரங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு ஓடினேன். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். அதில் எனக்குத் துளி பயம் இல்லை.

நடந்தது முழுவதையும் மூச்சிரைக்க அப்பாவிடம் சொன்னேன். அவர் கம்பளியை உதறி மடித்துக்கொண்டே கேட்டார். டீச்சர் கைடைப் பற்றிக் கேட்டதைச் சொன்னபோது தலையாட்டினார். திங்கட்கிழமை சிஸ்டர் வரச் சொன்னதைச் சொன்னதும் மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"என்னையும் கூட்டியாரச் சொன்னாங்களா?"

"ஆமாங்கப்பா."

"அப்ப விசாரணை."

"இல்லீங்கப்பா, எழுதச் சொல்றாங்க, அவ்வளவுதான்."

"அப்படித்தான் சொல்லுவாங்க சாமி. ரைட்டரும் மொதல்ல உக்காரு, தண்ணி குடின்னுதான் சொல்லுவாரு."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். "ஏனுங்க, புள்ள எழுதினத நாந்தான் பாத்தனே. இங்கதான் படுத்துக்கிட்டு எழுதுச்சு."

"நீ பாத்தே. எதையாச்சும் பாத்து எழுதுச்சா, பாக்காம எழுதுச்சான்னு உனக்குத் தெரியுமா?"

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கரண்டியைக் கழுவி வைத்தாள். அப்புறம் மெதுவாக, "மடியில கனமில்லைன்னா வழியில என்னங்க பயம்?" என்றாள்.

"வழியில நிக்கறவன் மடிய அவுத்துக் காட்டச் சொல்றானே" என்றார் அப்பா.

மறுநாள் சனிக்கிழமை. நான் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தபோது அப்பா என் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். என் பாவாடைகளைத் தூக்கி அடியில் துழாவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடிவிட்டு, "தீப்பெட்டி எங்கே வெச்சாங்கன்னு பாத்தேன்" என்றார். தீப்பெட்டி எப்போதும் இருக்கிற மாடத்தில்தான் இருந்தது. நான் அதை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு எதையும் பற்றவைக்காமல் வெளியே போனார். நான் அப்போது அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. சந்தேகப்படத் தெரியாத வயதின் கடைசி நாட்கள் அவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அப்பா அரைநாள் வேலையை விட்டுவிட்டு ஏற்காடு வரை நடந்து, பஸ் பிடித்துச் சேலம் போனார். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தவர் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். எனக்கு மிக்சர் வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பிரித்தால் கட்டுரைக் கைடு. அட்டையில் நன்றாகத் தலைவாரிய ஒரு பையன் மேஜையில் எழுதுகிறான், அவன் பின்னால் சூரியன் உதிக்கிறது. பசை வாடையும் புதுத்தாள் வாடையும். அந்த வீட்டுக்குள் காபி வாடை ஒட்டாமல் வந்த பொருள் அது ஒன்றுதான்.

"எதுக்குங்கப்பா?"

"திங்கக்கெழமை சிஸ்டர்கிட்ட இதக் குடுத்து, இதப் பாத்துத்தான் எழுதினேன், தப்புதானுங்கன்னு சொல்லிரு. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிரோணும். கேட்டப்பறம் சொன்னா மதிப்பில்ல."

"நான் பாத்து எழுதலீங்கப்பா!"

"சரி கண்ணு. அதனால என்ன? ஒரு வார்த்தை. சொன்னா ரெண்டு திட்டுத் திட்டுவாங்க, மன்னிச்சிருவாங்க. அவங்க மன்னிக்கறதுக்குன்னே கல்யாணம் காச்சி இல்லாம இருக்கறவங்க. நீ நாயம் பேசினீன்னா உன்னையும் அனுப்பிருவாங்க, உன்ற பேரும் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடந்து போகும்போது எப்படி நிற்க வேண்டும், எப்போது கண்ணைத் தாழ்த்த வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கும் வரிசையைக் காட்டி, "அங்க போயி யாராச்சும் நான் ஒண்ணும் பண்ணலீங்கன்னு சொல்றாங்களா, பாரு" என்றார். அந்த வாதத்துக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. செய்யாத பாவத்தைச் சொன்னால் அது ஒரு புதுப் பாவம் ஆகுமா என்று சாமியாரைக் கேட்கலாம் என்று நினைத்தேன், தைரியம் வரவில்லை. அன்று சாயங்காலம் கைடைத் திறந்து படித்துப் பார்த்தேன். விஞ்ஞானத்தின் நன்மை தீமைகள். கடற்கரையில் ஒரு மாலை. ஒரு கிழிந்த குடை தன் கதையைத் தானே சொல்வது. எங்கள் களம் அதில் எங்கும் இல்லை. அதை அப்பாவிடம் சொன்னேன். "காபியப் பத்தி இருக்குதுன்னு கடைக்காரரு பக்கத்தை மடிச்சே குடுத்தாரே" என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது.

திங்கட்கிழமை காலையில் மஞ்சு. சிஸ்டரின் அறைக்குள்கூடக் கொஞ்சம் வந்திருந்தது. ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜையும் நாற்காலியும் தனியாகப் போட்டிருந்தார்கள். மேஜையில் கோடு போட்ட வெள்ளைத் தாள், இங்க் ஊற்றி வைத்த பேனா. முதல் தாளின் தலையில் சிஸ்டர் தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். நான் நின்ற இடத்திலிருந்து அது தலைகீழாகத் தெரிந்தது. தமிழ் டீச்சர் சுவரோரம் நின்றார். எனக்கு அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும் என்று கால் துடித்தது. உண்மையாகச் சொல்கிறேன், வேறு எதற்கும் என் உடம்பு அப்படித் துடித்ததில்லை.

சிஸ்டர், "வா, உக்காரு" என்றார்.

அப்பா துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "ஒரு வார்த்தைங்க தாயி. புள்ள ஒண்ணு சொல்லோணுமாம்." பின்னாலிருந்து அவர் விரல் என் முதுகைத் தொட்டது. தள்ளவில்லை. தொட்டது, அவ்வளவுதான்.

நான் கைடை நீட்டினேன். "இதப் பாத்துத்தான் எழுதினேன். தப்புதானுங்க சிஸ்டர்."

சிஸ்டர் என்னையே பார்த்தார். கையைக்கூட நீட்டவில்லை. டீச்சர்தான் வந்து வாங்கிக்கொண்டார். மடித்திருந்த பக்கம் தானாகத் திறந்தது. அவர் படித்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இதப் பாத்தா எழுதினே?"

"ஆமாங்க."

"'காபி தேநீர்ப் பழக்கத்தின் தீமைகள்'னு போட்டிருக்குது. காபி குடிச்சா பித்தம், தூக்கம் கெடும்னு இருக்குது. இதுல களம் எங்கே, நாய் எங்கே?"

அந்த ஒரு நிமிஷம் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இப்போது தெரிந்துபோயிற்று, இந்தப் புத்தகத்தில் இல்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை, இப்போது சொல்லிவிடுவார்கள், போய் அந்த நாற்காலியில் உட்கார் என்று. நான் அந்த மேஜையைத் திரும்பிப் பார்த்தேன்.

டீச்சர் கைடை மூடினார். "பாத்தீங்களா சிஸ்டர்? அசல் கைடை மறைச்சு வெச்சுக்கிட்டு, கடையில ஏதோ ஒண்ண வாங்கியாந்து நம்மகிட்ட நீட்டறாங்க. அட்டையில தூசி கூட ஒட்டல. அப்பனும் மகளும் பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்காங்க."

"தப்புதானுங்க" என்றார் அப்பா உடனே. அவர் வாய் அதற்குப் பழகியிருந்தது.

சிஸ்டர் என்னிடம் குனிந்தார். "நீ பார்த்து எழுதினேன்னு சொல்றே. சரி. எதைப் பார்த்து?"

எதைச் சொல்வது? பார்த்து எழுதவில்லை என்றால் சற்று முன் சொன்னது பொய். இதைத்தான் பார்த்தேன் என்றால் அது கண்ணெதிரே பொய். அப்பாவைப் பார்த்தேன். அவர், மன்னிப்பு எப்போது வரும் என்று சிஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் ஜன்னலோர மேஜைக்குப் போனார். பேனாவை மூடினார். தாள்களைச் சேர்த்துத் தட்டி இழுப்பறைக்குள் வைத்தார். அந்தத் தலைப்பு என்ன என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. "உன்னை நம்பித்தான் வரச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். திட்டவே இல்லை. அப்பா அந்தத் திட்டுக்காக இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கும்பிட்டுவிட்டு, டீச்சர் நீட்டிய கைடை வாங்கிக்கொண்டு, என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். அந்த வருஷம் எங்கள் பள்ளியிலிருந்து போர்டிங்குக்கு யாரும் போகவில்லை.

டீச்சர்மேல் பல வருஷம் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. ஒருமுறை ஏமாந்தவர், இன்னொரு முறை ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. சிஸ்டர்மேலும் இல்லை. குற்றவாளியே வந்து ஒத்துக்கொண்ட பிறகு நீதிபதிக்கு என்ன வேலை? நான் பிறகு படித்தது, எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தது எல்லாம் நீங்கள் அறிந்த கதை. சில வருஷம் சாக்கைக் கட்டிக்கொண்டு பழம் எடுத்து, தனியாகப் பரீட்சை எழுதித்தான் வந்தேன். அந்தப் பரீட்சைக் கட்டுரைகளை எல்லாம் முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் இரண்டு பழமொழி என்று எழுதினேன். ஒருவரும் என்னைச் சந்தேகப்படவில்லை. எல்லாவற்றிலும் தேறினேன்.

ஆகவே குழுவில் கேட்ட தோழிக்கு: நீ எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் படி. எனக்கு அவற்றின்மேல் பகை ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது புத்தகத்தைப் பற்றியே இல்லை. அன்று வீட்டுக்குத் திரும்பி நடந்து வந்ததைப் பற்றி.

மஞ்சு கலைந்து வெயில் வந்திருந்தது. அப்பா கைடைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். நான் அழவில்லை. 'நீ எழுதினதுன்னு எனக்குத் தெரியும் கண்ணு, காலம் அப்படி, என்ன பண்றது' என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்துக்கொண்டு நடந்தேன். அது போதும் என்று இருந்தது. சீட் போனால்கூடப் பரவாயில்லை.

களம் தெரியும் திருப்பத்தில் அப்பா நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. என் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, நொம்பப் பிரியமாகக் கேட்டார்.

"இப்ப யாருமில்ல சாமி. எங்கிட்ட மட்டும் சொல்லு. நெசமாலுமே எந்தப் புஸ்தகம்? பேரைச் சொன்னீன்னா நாளைக்கே போயி அதையே வாங்கியாந்து குடுத்தர்றேன். சரியான புஸ்தகத்தைக் குடுத்தா மன்னிக்காமயா போயிருவாங்க?"

தகரப் பெட்டி திறந்திருந்தது எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் கொஞ்சமும் இல்லை. நாளைக்கும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு, சேலத்துக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்க அந்த மனுஷன் தயாராக நின்றார். இல்லை என்று இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"அது சேலத்துல கெடைக்காதுங்கப்பா. மெட்ராஸ்லதான்" என்றேன்.

"மெட்ராஸா..." என்றார். யோசித்தார். பெருமூச்சு விட்டு, என் தலையைத் தடவினார். "அதான், அந்தக் கடைக்காரனுக்குத் தெரியல."

நானாகத்தான் எழுதினேன் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. இதை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினார்.